உள்விவகாரத்தில் தலையிடுவதில்லை

1976 அக்டோபர் 4

விமான நிலையத்துக்குப் போய்வந்தேன். குளிரில் காதுமடல் இன்னும் மரத்துக் கிடக்கிறது. தோழர் ராக்கியப்பன் வந்து சேர்ந்துவிட்டார். கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர். எழுபதை நெருங்குகிறார். நம்மூரில் எங்கள் சின்னக் கட்சியைத் தொடங்கிய நான்கைந்து பேரில் ஒருவர், அதன் வெளிநாட்டுத் தொடர்புகளை வெகுகாலம் பார்த்தவர். இதய வால்வு பழுதாகிவிட்டது. இந்த நாட்டை ஆளும் கட்சி அவரை விருந்தினராக அழைத்து, தன் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் செய்து அனுப்புவதாக ஏற்பாடு.

சகோதரக் கட்சிகள் துறையின் துணைத் தலைவரே பூங்கொத்தோடு வந்திருந்தார். யார் வருகிறார் என்பதை வைத்துத்தான் இங்கே மரியாதையை எடை போடுவார்கள். துணைத் தலைவர் வந்தால் கறுப்புக் கார். அந்தத் துறைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் நான் ஒருத்திதான் என்பதால் எனக்கும் முன்சீட்டு. பதினாறு வருஷத்துக்கு முன்னால் கோவில்பட்டியிலிருந்து கட்சி சிபாரிசில் படிக்க வந்தவள் அப்படியே இங்கே தங்கிப்போனேன்.

அவர் என்னைப் பார்த்ததும் பெயர் கேட்டார். அம்சவேணி என்றேன். "இத்தன தூரத்துல நம்ம பேச்சு கேக்கறதே ஆபரேஷன் பண்ணுன மாதிரி இருக்குது அம்மிணி" என்றார். துணைத் தலைவருக்கு இதை மொழிபெயர்க்கவில்லை. அவருக்குச் சிரிப்பும் வராது.

அக்டோபர் 9

ஆஸ்பத்திரியில் நாள் முழுக்கச் சோதனை. நவம்பர் பதினெட்டில் ஆபரேஷன். அதுவரை கட்சியின் விருந்தினர் விடுதியில் இரண்டாம் மாடி அறை. ஆபரேஷன் முடியாமல் விமானம் ஏறவே கூடாது, ஏறினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அதை அவருக்குச் சொன்னபோது, "அப்ப திரும்பிப் போறதுன்னா கத்தி வழியாத்தான் போகோணும்" என்றார்.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. அவர் சொல்வதை நான் "நான்" என்றே சொல்ல வேண்டும். எனக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எனக்கு என் மகள் ஜென்னி ஞாபகமாகவே இருக்கிறது என்று நாளெல்லாம் டாக்டர்களிடம் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து மாடி ஏறும்போது உண்மையிலேயே மூச்சு வாங்கியது.

விடுதியில் எப்போதும் போலத் தோழர் அன்செல்மோ கீழே கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ஏதோ ஒரு தீவு நாட்டுக் கட்சியின் தலைவர். காலையில் சவரம் செய்து, டை கட்டி, மேல்கோட்டும் தொப்பியுமாக வாசலைப் பார்த்து உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாடு வரை எழுந்திருக்க மாட்டார். அவர் மொழி தெரிந்த மொழிபெயர்ப்பாளர் மாற்றலாகிப் போய் வெகுகாலமாகிறது. யாருக்காகக் காத்திருக்கிறார் என்று ராக்கியப்பன் கேட்டார். காருக்கு என்றேன். எந்தக் கார் என்று கேட்டார். எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் நான் கேட்டதும் இல்லை.

அக்டோபர் 15

உருளைக்கிழங்கு வரிசையில் நின்று முட்டைக்கோஸ் வாங்கி வந்தேன். மறுபடியும் முட்டைக்கோஸ்.

அக்டோபர் 21

தோழர் லெனார்ட் கூப்பிட்டனுப்பினார். எங்கள் பிரிவின் தலைவர், எனக்கு மேலதிகாரி. நல்லவர்தான், கத்த மாட்டார். நம்மூரில் கட்சி இரண்டாக உடைந்துவிட்டதாம். ராக்கியப்பன் இங்கே சிகிச்சைக்கு வந்திருந்த நேரத்தில் மாநாடு கூட்டிப் பெரும்பான்மையை ஆவுடையப்பன் இழுத்துக்கொண்டார். ராக்கியப்பனும் அவரும் ஒரே ஜெயிலில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். துறை ஆலோசித்து ஆவுடையப்பன் தரப்பை அங்கீகரித்திருக்கிறது. வாழ்த்துத் தந்தியை என்னிடம்தான் மொழிபெயர்க்கக் கொடுத்தார்கள். "சகோதரக் கட்சி" என்ற இடத்தில் பெயர் மாறியிருந்தது, மற்றதெல்லாம் பழைய தந்திதான்.

ராக்கியப்பனிடம் சொல்ல வேண்டாம் என்றார் லெனார்ட். நோயாளி, அதிர்ச்சி ஆகாது. ஆபரேஷன் என்ன ஆகும் என்று கேட்டேன். அதைப் புதிய தலைமையோடு கலந்து பேசுவோம் என்றார்.

கிளம்பும்போது இன்னொன்று. நான் இந்த நாட்டில் இருப்பதும் கட்சி சிபாரிசில்தான். சிபாரிசு செய்த கட்சி இப்போது கணக்கில் இல்லை. வருஷ முடிவுக்குள் புதிய தலைமையிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், வெறும் சம்பிரதாயம்தான் என்றார்.

காலுறை இரண்டு துவைத்து வெப்பக்குழாயில் காயப் போட்டேன்.

அக்டோபர் 26

அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை.

சாப்பாட்டு மேஜையில் பழத்தட்டு வைப்பார்கள். வந்த புதிதில் ஆரஞ்சு இருந்தது. இந்தக் குளிரில் ஆரஞ்சு என்றால் தெற்கிலிருந்து விமானத்தில் வரவேண்டும். நேற்று ஆரஞ்சு இல்லை, ஆப்பிள் மட்டும். அதுவும் வாடியது. வாரம் ஒருமுறை நலம் விசாரிக்க வரும் துணைத் தலைவர் போன வாரம் லெனார்டை அனுப்பினார். இந்த வாரம் லெனார்ட் ஒரு குமாஸ்தாவை அனுப்பினார். ராக்கியப்பன் ஆப்பிளைத் துண்டு போட்டு எனக்கும் ஒன்று கொடுத்தார்.

"மாநாடு முடிஞ்சுதாக்கும்" என்றார்.

நான் ஆப்பிளைத் தின்றேன்.

"நானும் வெளிநாட்டுக்காரங்க வந்தா இதைத்தான் அம்மிணி பண்ணுவேன். வாயில சொல்றதில்ல. மொதல்ல கார் சின்னதாகும். அப்பறம் டீக்கடைல உக்கார வெச்சுப் பேசுவோம். அவனா புரிஞ்சிக்குவான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மிச்சத் துண்டை நான் தட்டிலேயே வைத்துவிட்டேன். பழம் புளித்திருக்கலாம்.

நவம்பர் 2

இன்று கூடத்தில் ராக்கியப்பன் போய் அன்செல்மோ பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம், இவருக்கும் கொஞ்சம். இரண்டு பேரும் கையைக் கையை ஆட்டிப் பேசினார்கள். அன்செல்மோவின் குரலை நான் முதல்முறையாக இன்றுதான் கேட்டேன். மெல்லிய குரல். விடுதிச் சமையல்காரி அடுக்களைக் கதவில் நின்று பார்த்தாள், அவருக்குப் பேச வராது என்றே அவள் நினைத்திருந்தாளாம்.

பிறகு அறைக்கு வந்ததும் ராக்கியப்பன் கட்டிலில் உட்கார்ந்தார். மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு உலக மாநாட்டுல இவரு கட்சிய நீக்கோணும்னு இவங்க தீர்மானம் கொண்டாந்தாங்க. என்ன ஏதுன்னு நாங்க கேக்கல. கை தூக்குனவங்கள்ல நானும் ஒருத்தன். அந்தாளு அன்னைக்கு இங்கதான் விருந்தாளியா இருந்திருக்கறாரு. கட்சிய நீக்கியாச்சுன்னு இவருகிட்ட ஒருத்தரும் சொல்லல அம்மிணி. இங்கத்த கட்சிச் செயலாளரப் பாக்கக் கூட்டிட்டுப் போறோம், கார் வரும்னு சொல்லீருக்கறாங்க. அதுக்குத்தான் கெளம்பி உக்காந்திருக்கறாரு."

நீங்கள் சொன்னீர்களா என்று கேட்டேன். சொல்ல வாய் வரவில்லை என்றார்.

வரும்போது கூடத்தின் வழியாக வராமல் அடுக்களை வழியாக வந்தேன். அந்தப் பக்கம்தான் பேருந்து நிறுத்தம் கிட்டே.

நவம்பர் 8

ஆவுடையப்பன் தூதுக்குழு வந்தது. துணைத் தலைவர், பூங்கொத்து, கறுப்புக் கார். நான் முன்சீட்டில்.

அவர்களுக்கும் அதே விடுதிதான், முதல் மாடி. இரண்டு தரப்பும் கண்ணில் படாதபடி சாப்பாட்டு நேரத்தை மாற்றி வைத்திருக்கிறார்கள். முதல் மாடிக்கு ஆரஞ்சு வந்துவிட்டது.

ஆவுடையப்பன் திருநெல்வேலிக்காரர். நான் கோவில்பட்டி என்றதும், "நம்ம ஊர்ப் பிள்ளையா" என்று தலையில் கை வைத்தார். நானும் அண்ணாச்சி என்றேன். கெட்டவராகத் தெரியவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

நவம்பர் 10

இன்று பேச்சுவார்த்தை. எல்லாம் முடிந்து கடைசியில் லெனார்ட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார். தோழர் ராக்கியப்பன் உங்கள் கட்சியின் சார்பில் விருந்தினராக வந்தவர். அவருடைய சிகிச்சை உங்கள் கட்சியின் உள்விவகாரம். சகோதரக் கட்சிகளின் உள்விவகாரத்தில் நாங்கள் தலையிடுவதில்லை. உங்கள் விருப்பம் என்ன என்று மட்டும் சொல்லுங்கள்.

நான் ஒரு வார்த்தை பிசகாமல் தமிழில் சொன்னேன்.

ஆவுடையப்பன் தண்ணீரைக் குடித்தார். கண் கலங்கியிருந்தது, அதை நான் பார்த்தேன். "நான் ஒருத்தன் சொல்ல முடியாதும்மா. மத்தியக் குழுவக் கேட்டுத்தான் சொல்லணும். தந்தி அடிச்சுக் கேக்கேன்னு சொல்லு" என்றார். கூட்டுத் தலைமை, கூட்டு முடிவு. அப்படித்தான் அவர் பழகியவர், அப்படித்தான் எல்லோரும் பழகியிருக்கிறோம்.

அதையும் ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னேன். லெனார்ட் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம். மேஜையில் கோரிக்கை வைத்தால்தான் கோரிக்கை. பிறகு சொல்கிறோம் என்றால் "கட்சி கோரவில்லை" என்றே குறிப்பில் எழுதுவார்கள். அது கிணற்றில் போட்ட கல்தான். அடுத்த சந்திப்பு வரை அந்தப் பேச்சை யாரும் எடுக்க மாட்டார்கள், அடுத்த சந்திப்பு வசந்தத்தில். இது ஆவுடையப்பனுக்குத் தெரியாது. வெளிநாட்டுத் தொடர்புகளை அவர் பார்த்ததே இல்லை, பார்த்தவர் இரண்டாம் மாடியில் இருந்தார்.

தாழ்வாரத்தில் என்னை நிறுத்திக் கேட்டார். "நான் சொன்னது சரிதானம்மா? ஆபரேஷனுக்கு ஒண்ணும் இடைஞ்சல் வந்துராதுல்லா?"

லெனார்ட் இரண்டடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். தமிழ் தெரியாதவர்.

மொழிபெயர்ப்பாளர் அபிப்பிராயம் சொல்லக் கூடாது அண்ணாச்சி என்றேன். அது விதி. வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுப்பார்கள்.

நவம்பர் 11

கடிதம் கிடைத்தது. ஆவுடையப்பன் காலைச் சாப்பாட்டு மேஜையிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு ஆரஞ்சை எடுத்து என் கைப்பையில் வைத்தார்.

நவம்பர் 13

ஆரஞ்சு இரண்டும் அப்படியே இருக்கின்றன. ராக்கியப்பனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். எங்கிருந்து வந்தது என்று கேட்பார்.

நவம்பர் 18

லீவு போட்டுவிட்டு விடுதிக்குப் போனேன். ராக்கியப்பன் குளித்து, வேட்டி கட்டி, மேலே கோட்டும் போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்காரன் காலையில் ஒன்றும் சாப்பிடக் கூடாது என்று சொன்னானே என்று பட்டினி. ஆஸ்பத்திரி வண்டி வரவில்லை. மத்தியானம் லெனார்டுக்குப் போன் செய்தேன். சர்ஜன் வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"செரி" என்றார். "கஞ்சி இருந்தா வாங்கிட்டு வா அம்மிணி."

நான் அடுக்களையில் ஓட்ஸ் கஞ்சி வாங்கி உப்புப் போட்டுக் கொண்டுவருவதற்குள் ஆட்கள் வந்து அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் மாடி வேறு தூதுக்குழுவுக்கு வேண்டுமாம். மூன்றாம் மாடியில், அன்செல்மோவுக்குப் பக்கத்து அறை. வால்வு கெட்டவரை ஒரு மாடி மேலே ஏற்றுகிறார்கள். பெட்டிக்குப் பின்னால் ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினார். நான் கஞ்சிக் கிண்ணத்தோடு அவருக்குப் பின்னால் ஏறினேன்.

நவம்பர் 24

பனி. ரொட்டி கிடைத்தது.

நவம்பர் 30

மூன்றாம் மாடித் தாழ்வாரம் எனக்கு ஆகவில்லை. அறைகள் எல்லாவற்றிலும் ஆள் இருப்பது போலவே இருக்கிறது, கதவுக்குப் பின்னால் யாரோ கோட்டு மாட்டும் சத்தம் கேட்கிறது. இரண்டே அறையில்தான் ஆள் என்று சமையல்காரி அடித்துச் சொல்கிறாள்.

ராக்கியப்பனுக்குக் கால் வீங்கிவிட்டது. டாக்டர் வருவதில்லை, செவிலி மட்டும் வந்து போகிறாள். அவர் என்னைத் திட்டினால் தேவலை. மாறாக, என் செருப்பு ஈரமாக இருக்கிறதே, வேறு இல்லையா என்று கேட்கிறார். இன்று நானே தாங்க முடியாமல், சர்ஜன் வந்துவிடுவார் தோழர் என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"அந்தப் பேச்ச விடு அம்மிணி. ஆவுடையப்பன் கமிட்டியக் கேக்கறேன்னு சொல்லீருப்பான். அவன் அப்புடித்தான். ஜெயில்ல பீடி பத்த வெக்கறதுக்கே நாலு பேரக் கேப்பான். நீ என்ன பண்ணுவ. உன்னைய நான் ஒண்ணுமே கேக்க மாட்டேன், பயப்படாத."

எனக்கு முகம் எரிந்தது. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. கேட்காமல் விட்டது பெரிய தண்டனை.

டிசம்பர் 9

காலையில் தோழர் ராக்கியப்பன் இறந்துவிட்டார். மாடிப்படியில். அன்செல்மோவோடு கூடத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தாராம். நான் போனபோது அன்செல்மோ அதே படியில் உட்கார்ந்து, தன் மேல்கோட்டைக் கழற்றி அவர் மேல் போர்த்தியிருந்தார். கோட்டு இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. சட்டைக் கை இரண்டும் கிழிந்திருந்தன.

டிசம்பர் 10

ஆவுடையப்பனின் தந்தி வந்தது. மத்தியக் குழு ஏகமனதாக முடிவெடுத்து, மூத்த தோழருக்கு உடனே அறுவை சிகிச்சை செய்யும்படி சகோதரக் கட்சியைக் கேட்டுக்கொள்கிறது. முடிவெடுத்த தேதி நவம்பர் கடைசி. நான் மொழிபெயர்த்துக் கொடுத்ததும் லெனார்ட் இரண்டு முறை படித்தார். முகம் தெளிந்துவிட்டது. இது நல்லது, இனி எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்றார்.

எப்படி ஒழுங்காகும் என்பது சாயங்காலம் இரங்கல் செய்தியைக் கையில் கொடுத்தபோது தெரிந்தது. கட்சி கோரியது. கோரினால் செய்வோம். ஆகவே செய்தாயிற்று. "சகோதரக் கட்சியின் கோரிக்கைக்கு இணங்க எமது தலைசிறந்த மருத்துவர்கள் அறுவை சிகிச்சை செய்தும் அவரது உயிரைக் காப்பாற்ற இயலவில்லை."

தமிழில் எழுதிக் கொடுத்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று லெனார்ட் சொல்லவில்லை, அவருக்குத்தான் தமிழ் தெரியாதே. நன்றாகத்தான் வந்திருந்தது.

டிசம்பர் 12

விமான நிலையம். பெட்டிக்குச் செங்கொடி போர்த்தி, எட்டுப் பேர் அணிவகுத்துத் தூக்கினார்கள். துணைத் தலைவருக்கும் மேலே, செயற்குழுவிலிருந்தே ஒருவர் வந்திருந்தார். நம்மூரில் இரண்டு தரப்பும் உடலைக் கேட்டுச் சண்டையாம். செத்த பிறகு எல்லோருக்கும் வேண்டியவராகிவிட்டார். இரங்கல் உரையை ஒலிப்பதிவுக்காக நான் தமிழில் வாசித்தேன். குரல் கம்மாமல் வாசித்தேன். பாராட்டினார்கள்.

டிசம்பர் 16

கடையில் உருளைக்கிழங்கு விலை கேட்டேன். "உருளக்கெழங்கு என்ன வெலைங்" என்று தமிழில் கேட்டிருக்கிறேன், அதுவும் அவர் பேச்சில். கடைக்காரி முழித்தாள். மாடி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். டாக்டரிடம் காட்டினேன். இதயம் கல் மாதிரி இருக்கிறது, ஒன்றும் இல்லை என்றார்.

டிசம்பர் 20

மத்தியானம் துறைக்கு ட்ரங்க் கால். ராக்கியப்பனின் மகள் ஜென்னி, கோபியிலிருந்து. தமிழ் என்பதால் என் மேஜைக்கு மாற்றினார்கள். எதிர் மேஜையில் லெனார்ட் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்த லைன்களை எல்லாம் பதிவு செய்வார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். தமிழ் லைன் என்றால் மறுநாள் ஒலிநாடா மொழிபெயர்ப்புக்கு என்னிடமே வரும்.

"அக்கா, அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் நீங்கதான் கூட இருந்தீங்கன்னு சொன்னாங்க. நல்லா இருப்பீங்கக்கா" என்றாள். குரல் தேய்ந்து தேய்ந்து வந்தது. பிறகு கேட்டாள். "ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சாராக்கா? எதாச்சும் பேசுனாரா?"

முழித்தார் அம்மா, உன்னைத்தான் கேட்டார் என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. அவராகப் பேசிப் பழகிய வாய். நாலு வார்த்தை அவர் பேச்சில் சொன்னால் போதும், அந்தப் பெண் காலமெல்லாம் அதை வைத்துக்கொண்டு இருப்பாள்.

"ஆபரேஷனே நடக்கல ஜென்னி" என்றேன்.

லெனார்ட் நிமிர்ந்து பார்த்து, அழுகிறாளா பாவம் என்று சைகையில் கேட்டார். நான் தலையாட்டினேன். பிறகு சொன்னேன். சர்ஜன் வெளியூர் எங்கேயும் போகவில்லை. கோரிக்கை வைக்க வேண்டிய இடத்தில் ஆவுடையப்பன் வைக்கவில்லை, வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவர் கேட்டார், நான் சொல்லவில்லை. எனக்கு ஒரு கடிதம் வேண்டியிருந்தது. உன் அப்பாவுக்கு எல்லாம் தெரியும், அவர் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை.

லைன் அறுந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். அறுக்கவில்லை. ஜென்னிக்கும் எனக்கும் நடுவில் யாரோ ஒருவர் மொழி தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார், அவர் மூச்சு கேட்டது. கடைசியில் ஜென்னி, "உங்க பேரென்ன?" என்று கேட்டாள். அக்கா என்று சொல்லவில்லை. சொன்னேன். வைத்துவிட்டாள்.

டிசம்பர் 21

காலையில் ஒலிநாடா மேஜைக்கு வந்துவிட்டது. லெனார்டே கொண்டுவந்து வைத்தார். துக்க விசாரிப்புதானே, நாலு வரியில் சுருக்கி எழுதினால் போதும் என்றார். இந்தக் கட்டடத்தில் அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடியவள் நான் ஒருத்திதான். நாலு வரி எழுதி, கோப்பில் வைத்து, வருஷ முடிவில் இங்கே தங்குவதற்கான புது அட்டையும் வாங்கிக்கொள்ளலாம்.

கதவைச் சாத்திவிட்டு முழுவதும் கேட்டேன். என் குரல் எனக்குப் பழக்கமில்லாமல் இருந்தது. பேசுபவர் ஒன்று, ஜென்னி ராக்கியப்பன். பேசுபவர் இரண்டு, அம்சவேணி, துறை மொழிபெயர்ப்பாளர். ஒரு வார்த்தை பிசகாமல் மொழிபெயர்த்து, கீழே கையெழுத்துப் போட்டு, லெனார்ட் மேஜையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். அவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.